இணைய ஏலத்தில் முதன்முறை விலை கேட்போருக்கு

ஏரி மீன் குத்தகை, சாலையோரப் புளியமரங்களின் மகசூல், வாரச்சந்தை வசூல் உரிமை ஆகியவற்றுக்கு ஊரில் ஏலம் நடந்ததை நம் அங்கத்தினர்களில் பலர் பார்த்திருப்பார்கள். சிலர் கேட்டும் இருப்பார்கள். தண்டோராப் போட்டு நாள் குறிப்பார்கள். டேவணி கட்டியவர்கள் மரத்தடியில் கூடுவார்கள். 'ஒரு தரம், இரண்டு தரம்' என்று அதிகாரி இழுத்துச் சொல்லும்போது, எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்தே அவர் இன்னும் ஏறுவாரா, நின்றுவிடுவாரா என்று கணிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருந்தார்கள். இன்று அந்த மரத்தடி கைப்பேசிக்குள் போய்விட்டது. அங்கே முகம் இல்லை, குரல் இல்லை. திரையில் ஓர் எண்ணும், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கடிகாரமுமே உண்டு.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியிலும், திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் கடன் தவறிய தொழிற்கூடங்கள், யந்திரங்கள் பற்றிய வங்கி அறிவிப்புகள் வெளிவரும்போது, பொதட்டூர்ப்பேட்டையிலோ அம்மையார்குப்பத்திலோ தறி வைத்திருக்கும் ஒருவருக்கு, 'நாமும் ஒரு ஷெட்டைக் கேட்டுப் பார்த்தால் என்ன?' என்று தோன்றுவது இயற்கையே. திருவாலங்காட்டுப் பக்கத்துக் கரும்பு விவசாயிக்கு ஒரு பழைய டிராக்டர் மீது கண் போகலாம். ஆசை தவறன்று. ஆனால் இணைய ஏலத்தில் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டால், மரத்தடியில் 'வாய் தவறிவிட்டது ஐயா' என்று சொல்லிச் சமாளித்ததைப்போல் சமாளிக்க வழியில்லை. ஆகவே விலை கேட்பதற்கு முந்திய வேலைகளைப் பற்றியே இக்கட்டுரையில் பெரிதும் எழுத உத்தேசம்.

முதலில் ஏலம் எங்கே நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொதுத்துறை வங்கிகள் கடனுக்காகக் கைப்பற்றிய சொத்துக்களை விற்பதற்கென 'பேங்க்நெட்' என்ற இணையதளம் 2025 ஜனவரியில் தொடங்கப்பட்டது. அதற்கு முன் 2019 டிசம்பர் முதல் 'ஈபிக்ரே' என்ற பெயரில் ஒரு தளம் இருந்தது. தனியார் வங்கிகளும் வேறு நிதி ஸ்தாபனங்களும் தனியார் ஏலக் கம்பெனிகளின் தளங்களைப் பயன்படுத்துவதுண்டு. அரசுத் துறைகளும் பொதுத்துறைத் தொழிற்சாலைகளும் கழித்த இரும்பு, யந்திரம் முதலியவற்றைப் பெரும்பாலும் விற்பது எம்.எஸ்.டி.சி. என்ற அரசு நிறுவனத்தின் மூலம். கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட அது 1964-இல் ஏற்பட்டது. எந்தத் தளமானாலும், பத்திரிகையில் வந்த அறிவிப்பில் அச்சிட்டுள்ள முகவரியைத் தாமே எழுத்தெழுத்தாய்ப் பதித்துச் செல்வது நலம். யாரோ அனுப்பிய இணைப்பைத் தொட்டுப் போகலாகாது. டேவணியைத் தனிமனிதர் ஒருவரின் பெயரிலுள்ள கணக்குக்கு அனுப்பும்படி யாராவது சொன்னால், அது ஏலமே அல்ல என்று அறிந்துகொள்க.

அறிவிப்பில் மூன்று தொகைகள் இருக்கும். குறைந்தபட்ச விலை ஒன்று. இதற்குக் கீழே விற்பதில்லை. டேவணித் தொகை ஒன்று. பெரும்பாலும் குறைந்தபட்ச விலையில் 10-இல் ஒரு பங்கு. மூன்றாவது, ஒவ்வொரு தடவையும் உயர்த்த வேண்டிய தொகை. குறைந்தபட்ச விலையைச் சொத்தின் மதிப்பு என்று எண்ணிவிடுவதே புதியவர்கள் செய்யும் முதல் பிழை. அது வங்கி தன் மதிப்பீட்டாளரைக் கேட்டு வைத்த விலை. நம்முடைய தேவையையும் நம்முடைய செலவையும் அந்த மதிப்பீட்டாளர் அறியமாட்டார்.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'கடைசி விநாடியில் கேட்டு அடித்துவிடலாம் மாமா' என்று வீட்டுப் பிள்ளைகள் யோசனை சொல்வார்கள். அது அமெரிக்காவிலிருந்து வந்த யோசனை. அங்கே 1995-இல் தொடங்கிய ஈபே தளத்தில் குறித்த நேரம் வந்ததும் ஏலம் முடிந்துவிடும். ஆகையால் கடைசி விநாடி வரை பதுங்கியிருந்து கேட்பதில் ஆதாயம் இருந்தது. அதே காலத்தில் அமேசான் நடத்திய ஏலங்களிலோ, கடைசி 10 நிமிடத்தில் ஒருவர் கேட்டால் நேரம் நீண்டுவிடும். ஆல்வின் ராத், ஆக்ஸல் ஆக்கன்ஃபெல்ஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இவ்விரண்டையும் ஒப்பிட்டு 2002-இல் எழுதினார்கள். நேரம் நீளும் ஏலத்தில் கடைசி நேரப் பாய்ச்சல் வெகுவாய்க் குறைந்திருந்தது என்பது அவர்கள் கண்ட உண்மை. நம் நாட்டு வங்கி ஏலங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. முடிவதற்குச் சில நிமிடங்களுக்குள் யாரேனும் விலை உயர்த்தினால் மேலும் 5 நிமிடமோ 10 நிமிடமோ கூடும். எதிரே ஆள் நிற்கும் வரை கூடிக்கொண்டே போகும். எனவே இங்கே தந்திரத்துக்கு வேலை குறைவு. எவ்வளவு வரை போவது என்ற முடிவுக்கே வேலை அதிகம்.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய டீசல் ஜெனரேட்டருக்கு இணையத்தில் விலை கேட்டேன். முகம் தெரியாத ஒருவர் எதிரே ஏறிக்கொண்டே வந்தார். நானும் விடவில்லை. மூன்றாவது முறை நேரம் நீண்டபோதுதான், புதிய ஜெனரேட்டரின் விலையில் முக்கால் பங்கை நெருங்கிவிட்டேன் என்பது உறைத்தது. நல்லவேளையாக அவர் இன்னொரு படி ஏறினார். நான் கணினியை மூடிவிட்டு எழுந்தேன். அன்று என்னைக் காப்பாற்றியது என் புத்தியன்று, அவருடைய பிடிவாதம்.

பணத்தின் நாள்காட்டி

அசையாச் சொத்து ஏலத்தில் அங்கத்தினர்கள் எல்லாவற்றுக்கும் மேலாகக் கவனிக்க வேண்டியது பணம் கட்டும் கெடு. வங்கிகள் 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி சொத்தை விற்கும்போது, அச்சட்டத்தின் விதிகள் மிகக் கண்டிப்பானவை. ஏலம் தமக்கு முடிந்த அன்றே, அல்லது தவறினால் அடுத்த வேலைநாளுக்குள், டேவணியையும் சேர்த்து விலையில் 25 விழுக்காடு கட்டியாக வேண்டும். மீதி 75 விழுக்காட்டை, விற்பனை உறுதி செய்யப்பட்ட 15-ஆம் நாளுக்குள் கட்ட வேண்டும். இரு தரப்பும் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டால் இதை நீட்டிக்கலாம். ஆனால் மொத்தத்தில் 3 மாதத்துக்கு மேல் நீட்டிக்க முடியாது. கெடு தவறினால் கட்டிய பணம் பறிமுதல். சொத்து மறு ஏலத்துக்குப் போகும்.

'பறிமுதல் என்று எழுதியிருப்பார்கள், நேரில் போய்க் கேட்டால் கொஞ்சமாவது திருப்பித் தருவார்கள்' என்று நினைப்பவர்களுக்காக நம் மாநிலத்திலேயே எழுந்த வழக்கு ஒன்றைக் கூறவேண்டும். சென்ட்ரல் பாங்க் ஆப் இந்தியா விற்ற ஒரு சொத்தை ஒருவர் 12 கோடியே 27 இலட்சம் ரூபாய்க்கு ஏலம் எடுத்தார். கால் பங்காகிய 3 கோடியே 6 இலட்சத்துக்கு மேற்பட்ட தொகையையும் கட்டிவிட்டார். மீதிக்கு வேறிடத்தில் கடன் வாங்கிக் கட்டுவதாக ஏற்பாடு. கெடு நீட்டிக்கப்பட்டும் அக்கடன் உரிய காலத்தில் கைக்கு வரவில்லை. வங்கி விற்பனையை ரத்துச் செய்து, கட்டிய தொகை முழுவதையும் எடுத்துக்கொண்டது. சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்கு நடந்து வாங்கியவருக்கு ஆறுதல் கிடைத்தது. வங்கி அடைந்த நஷ்டத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளலாகாது என்பது அவர் பக்கத்து வாதம். உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 2 அன்று அதை ஏற்கவில்லை. நஷ்டத்துக்கு ஈடு என்ற ஒப்பந்தச் சட்டக் கணக்கு இங்கே பொருந்தாது, விதியே பறிமுதலைச் சொல்கிறது, மிகவும் அசாதாரணமான சந்தர்ப்பங்களில் மட்டுமே விலக்குக் கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. கடன் கிடைக்கத் தாமதமானது அசாதாரணச் சந்தர்ப்பம் ஆகவில்லை.

அவர் கோடிக் கணக்கில் போனவர் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 20 இலட்சத்துக்கு ஒரு சிறு ஷெட்டை எடுப்பவருக்கும் இதே விதிதான். அவருக்குப் போவது 5 இலட்சம். அது அவருடைய மகளின் திருமணத்துக்கு வைத்திருந்த பணமாயிருக்கலாம். மீதிப் பணம் கையில் இல்லாமலோ, கடன் மஞ்சூர் ஆகியிருப்பதாக எழுத்து இல்லாமலோ ஏலத்தில் உட்காரக் கூடாது. மானேஜர் வாய்மொழியாகச் சொல்வதெல்லாம் 15 நாளில் பணமாகி வருவதில்லை.

உள்ளது உள்ளபடி

எல்லா அறிவிப்புகளிலும் 'உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில் உள்ளவாறு' என்ற வாசகம் காணப்படும். சிறிய எழுத்தில் அச்சிடுவதால் சம்பிரதாயம் என்று எண்ணிவிடுகிறோம். வில்லங்கம், வரி பாக்கி, எல்லைத் தகராறு, உள்ளே குடியிருப்பவர் எல்லாம் வாங்குபவர் தலையில் என்பதே அதன் பொருள்.

ஒரு பாக்கியை மட்டும் விரித்துச் சொல்கிறேன். விசைத்தறி ஷெட்டுக்கு அதுவே முக்கியம். முந்திய முதலாளி வைத்துவிட்டுப் போன மின்கட்டணப் பாக்கியை ஏலம் எடுத்தவரிடம் கேட்கலாமா என்ற பிரச்னை பல மாநிலங்களில் ஆண்டுக்கணக்காய் இழுபட்டது. 2023 மே 19 அன்று உச்ச நீதிமன்றம், கேரள மின்வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கில் இதை முடிவு செய்தது. விதிகள் இடம் கொடுக்குமானால், பழைய பாக்கியைத் தீர்த்தால்தான் இணைப்புத் தருவோம் என்று மின்வாரியம் சொல்லலாம். உள்ளது உள்ளபடி வாங்கியவர் விசாரித்து வாங்கியவராகவே கருதப்படுவார். ஆகவே ஷெட்டைப் பார்க்கப் போகும்போது மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கும் ஒரு நடை போய்வர வேண்டும். பாக்கி 10,000 ரூபாயாகவும் இருக்கலாம், மூடுமுன் ஓடிய உருக்காலையாயின் அதைப்போலப் பல மடங்காகவும் இருக்கலாம்.

அடுத்தது சுவாதீனம். அறிவிப்பில் 'நேரடி சுவாதீனம்' என்றிருந்தால் சாவி வங்கியிடம் இருக்கிறது. 'குறியீட்டு சுவாதீனம்' என்றிருந்தால் வங்கி கதவில் நோட்டீஸ் ஒட்டியதோடு சரி. உள்ளே கடன்காரரோ வாடகைக்காரரோ இருக்கிறார். அவரை வெளியேற்றிச் சாவி வாங்குவதற்குள் எத்தனை மாதம் ஆகும் என்று எவராலும் உறுதி கூற இயலாது. விலை குறைவாயிருப்பதன் காரணம் பல வேளைகளில் இந்த ஒரு சொல்லிலேயே இருக்கும்.

சிப்காட் எல்லைக்குள் உள்ள மனையாயின் இன்னொரு கேள்வி எழும். அம்மனைகள் பொதுவாக 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்படுபவை. நாம் வாங்குவது நிலத்தையன்று, எஞ்சிய குத்தகைக் காலத்தையே. பெயர் மாற்றத்துக்குச் சிப்காட்டின் அனுமதியும் அதற்குரிய கட்டணங்களும் உண்டு. முன்னவர் வைத்த பாக்கியும் இருக்கக்கூடும். திட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குக. கிராமத்து நிலமாயின், விவசாய நிலத்துக்குச் சர்பாசி சட்டம் செல்லாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். நஞ்சை, புஞ்சை என்று பட்டாவில் உள்ள நிலம் ஏலப் பட்டியலில் வந்தால், உபயோகம் என்ன என்று வக்கீலைக் கொண்டு பார்க்காமல் கை வைக்கக் கூடாது. பின்னால் வழக்கு வரும் இடம் அது.

காகிதமும் பென்சிலும்

இனி எவ்வளவு வரை கேட்பது? உதாரணமாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நமக்கு வேண்டிய அளவில் ஒரு ஷெட்டை வெளியில் பத்திரச் செலவு உட்பட 40 இலட்சத்துக்கு வாங்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஏலத்தில் வரும் ஷெட்டுக்கு முத்திரைத் தீர்வை, பதிவு முதலியவற்றுக்கு 3 இலட்சம். மின்சாரம், சொத்துவரிப் பாக்கி ஒன்றரை இலட்சம். கூரை மாற்றிச் சுவர் பூச இரண்டரை இலட்சம். வக்கீல், அலைச்சல் அரை இலட்சம். எதிர்பாராத தாமதத்துக்கும் தொல்லைக்கும் இரண்டரை இலட்சம். கூட்டினால் 10 இலட்சம். ஆக 30 இலட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் நமக்கு ஏலத்தால் ஆதாயமில்லை. வெளியிலேயே நிம்மதியாக வாங்கியிருக்கலாம்.

இதோடு கணக்கு முடியவில்லை. குறைந்தபட்ச விலை 26 இலட்சம், டேவணி 2 இலட்சத்து 60 ஆயிரம் என்றால், 30 இலட்சத்துக்கு ஏலம் முடிந்த மறுநாளே மேலும் 4 இலட்சத்து 90 ஆயிரமும், பிறகு 15 நாளில் 22 இலட்சத்து 50 ஆயிரமும் வேண்டும். அந்த இரண்டு எண்களையும் சேமிப்புப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பாதிப் பேருக்கு ஏல ஆசை அங்கேயே அடங்கிவிடும். அடங்காதவர்கள் 30 இலட்சம் என்ற எண்ணை ஒரு தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். ஏலம் நடக்கையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது உத்தமம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்கலாம். 1971-இல் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி ஒன்றைச் சேர்ந்த கேப்பன், கிளாப், கேம்ப்பெல் என்ற மூன்று எஞ்சினீயர்கள் ஒரு விசித்திரத்தைச் சுட்டிக்காட்டினார்கள். மெக்ஸிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமையை ஏலத்தில் வென்ற கம்பெனிகளுக்கு எதிர்பார்த்த வருமானம் வரவில்லை. கடலடியில் எவ்வளவு எண்ணெய் உண்டு என்று யாருக்கும் திட்டமாய்த் தெரியாது, ஒவ்வொருவரும் ஊகிக்கிறார்கள். அவர்களுள் அதிகமாய் ஊகித்துத் தவறியவரே அதிகமாய்க் கேட்கிறார், அவரே வெல்கிறார். 'வென்றவன் பட்ட சாபம்' என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது. பத்துப் பேர் கேட்கும் ஷெட்டில் ஒன்பது பேர் ஒரு விலையில் நின்று நாம் மட்டும் மேலே போனால், அவர்கள் பார்த்த ஏதோ ஒன்றை நாம் பார்க்கவில்லையோ என்று சந்தேகிப்பது கோழைத்தனமன்று. ஏலச்சீட்டு எடுத்துப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அவசரக்காரர் எடுக்கும் சீட்டில் மற்றவர்களுக்கே கழிவு கிடைக்கிறது.

பழைய இரும்பு ஏலத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அது பழக்கமில்லாதவர்களுக்கு உகந்த துறையன்று. கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கும் உலைகளும் உருட்டாலைகளும் நிறைய இருப்பதால், அவற்றுக்குச் சரக்கு வாங்கும் வியாபாரிகள் பார்த்த மாத்திரத்தில் எடையும் தரமும் சொல்லக்கூடியவர்கள். அவர்களோடு நாம் போட்டியிடுகிறோம். கேட்ட விலைக்கு மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. தனி, வருமானவரிக்காகப் பிடிக்கும் சிறு பங்கும் தனி. விலை டன்னுக்கா, குவியலுக்கா என்பதைப் பார்க்காமல் கேட்டவர்கள் பட்ட பாடு பெரிது. எடுத்துச் செல்லக் கெடு உண்டு. தவறினால் தரைவாடகை ஏறும். 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. அவை பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையங்களுக்கே விற்கப்படுகின்றன. 'அரசு ஜீப் மலிவாய் வாங்கித் தருகிறேன்' என்று முன்பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

மறுபக்கத்தில் நிற்பவர்

கூட்டுறவாளர்களாகிய நாம் ஒன்றை மறக்க முடியாது. ஏலத்தில் வரும் ஷெட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருந்தார். நாளை நம்மில் ஒருவரே அந்த இடத்தில் நிற்க நேரலாம். கூட்டுறவு வங்கிகளும் சர்பாசி சட்டப்படி சொத்தை விற்கலாம் என்று 2020 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 'நம் பாங்குதானே' என்று நோட்டீஸைப் பரணில் போடுவதற்கில்லை. கடனைக் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை ஏலத்தின் கடைசி நொடி வரை இருக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். 2016-இல் சட்டம் திருத்தப்பட்டபின் அப்படியில்லை. ஏல அறிவிப்பு வெளியானதோடு அவ்வுரிமை முடிகிறது என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆதலால் கடன்பட்டவர் ஓட வேண்டிய காலம் ஏல நாளுக்கு முன்னதன்று, அறிவிப்பு அச்சேறுவதற்கு முன். விற்ற பணத்தில் கடனும் செலவும் போக மிஞ்சியது அவருக்கு உரியது. அதைக் கேட்டுப் பெறவும் தயங்கக் கூடாது.

வாங்குபவருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பார்க்கப் போன இடத்தில் கடன்காரரின் குடும்பம் இருந்தால், தணிந்த குரலில் இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். வழக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா, பின்சுவர் யாருடையது, கிணற்றில் பங்கு எவருக்கு என்பதெல்லாம் வங்கியின் தாளைவிட அவர்களுக்கே நன்றாய்த் தெரியும். சொல்ல மனமில்லாவிட்டால் திரும்பி வந்துவிடுவதே மரியாதை.

ஏல நாளன்று செய்ய வேண்டியவை சில்லறை விஷயங்கள். ஆயினும் அவற்றால் கெட்டவர்கள் உண்டு. பெயர்ப் பதிவையும் அடையாளச் சரிபார்ப்பையும் ஒரு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். டேவணி நம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று முந்தின நாளே பார்க்க வேண்டும். மின்சாரம் நின்றால் கணினி அணையும், ஆகவே கைப்பேசியிலும் அதே தளத்தைத் திறந்து வையுங்கள். ஆங்கில எண்வரிசையில் பூஜ்யங்களை விரல் வைத்து எண்ணி, எழுத்தில் காட்டும் தொகையையும் வாசித்த பிறகே பொத்தானைத் தொடுங்கள். கடவுச்சொல்லை இன்டர்நெட் கடைக்காரரிடம் விட்டுவர வேண்டாம்.

கை நழுவிப் போனால் வருத்தம் வேண்டாம். முதல் ஏலத்தில் எவரும் கேட்காத சொத்தும், வென்றவர் பணம் கட்டாமல் விட்ட சொத்தும் மறுபடி வரும். முதல் விற்பனைக்கு 30 நாள் அறிவிப்பு என்றால் மறு விற்பனைக்கு 15 நாள் போதும். கேட்பாரில்லாமல் போனது அநேகமாய்க் குறைந்த விலையிலேயே திரும்பி வருகிறது. முதன்முறை கேட்க விரும்புவோர், மூன்று மாத காலம் தம் வட்டாரத்து அறிவிப்புகளைக் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டி, எது எத்தனை முறை, என்ன விலையில் வந்தது என்று குறித்து வைத்தால், தாளில் எழுத வேண்டிய எண்ணைத் தாமே கண்டுகொள்வார்கள்.